'மே' என்றால் 'ஷல்' தானா?



போன ஜெனரல் பாடி மீட்டிங்குக்கு வந்தவர்களுக்கு நினைவிருக்கும். பைலா திருத்தத்தில் ஒரே ஒரு வரிக்காக முக்கால் மணி நேரம் ஓடிவிட்டது. வருட முடிவில் மெயிண்டனன்ஸ் கணக்கில் மிஞ்சும் பணத்தில் ஒரு பங்கை ஸிங்கிங் ஃபண்டுக்கு மாற்றுவது பற்றிய வரி அது. ஆங்கில வரைவில் 'மே பி டிரான்ஸ்ஃபர்டு' என்று இருந்தது. பி பிளாக் நண்பர் ஒருவர் எழுந்து, அந்த 'மே'யை எடுத்துவிட்டு 'ஷல்' போடுங்கள் என்றார். "ரெண்டும் ஒண்ணுதான் சார், லிஃப்ட் விஷயத்துக்கு வாங்க" என்று பின் வரிசையிலிருந்து ஒரு குரல். கடைசியில் அடுத்த கூட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று கலைந்தோம்.

ரெண்டும் ஒண்ணுதானா? அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. இந்த இரண்டு சின்னச் சொற்களோடு எனக்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு. நம் நாட்டுக்கும் உண்டு. அதை எழுதச் சொல்லி நம் செக்ரட்டரி கேட்டதால் இந்த இதழில் இடம் பிடித்துக்கொண்டேன். நான் வக்கீல் அல்ல, பி.காம். படித்து முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் கவுண்டரில் உட்கார்ந்தவன். தப்பு இருந்தால் நம் குடியிருப்பின் வக்கீல்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் சொற்களின் பூர்வீகம். 'ஷல்' என்பது பழைய ஆங்கிலத்தில் 'நான் கடன்பட்டிருக்கிறேன்' என்று பொருள் தந்த சொல். நிஜமாகவே பணக் கடன். இன்னாருக்கு இவ்வளவு தர வேண்டும் என்று சொல்வதற்கு ஆயிரம் வருஷம் முன்னால் அந்த வினைச்சொல்லைத்தான் பயன்படுத்தினார்கள். பிறகு அது பணத்தை விட்டு, செய்தே தீர வேண்டிய எல்லாக் காரியத்துக்கும் பரவியது. ஆங்கிலத்துக்கு உறவு மொழியான ஜெர்மனில் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த 'ஷுல்ட்' என்ற சொல்லுக்கு இன்றும் கடன் என்றுதான் அர்த்தம். குற்றம் என்றும் அர்த்தம் உண்டு. இதைவிட எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று: ஜெர்மன்காரர்களின் லெட்ஜரில் இடது பக்கம், அதாவது நாம் டெபிட் என்று எழுதும் பக்கம், 'ஸோல்' என்று தலைப்பிட்டிருக்கும். அதுவும் 'ஷல்'லின் உடன்பிறப்புதான்.

'மே' வேறு வீட்டுப் பிள்ளை. அதன் வேர்ச்சொல்லுக்கு வலிமை, சக்தி என்று பொருள். பலம் என்ற அர்த்தத்தில் வரும் 'மைட்' அதற்குச் சொந்தம். என்னால் முடியும் என்பதில் தொடங்கி, நடக்கக்கூடும் என்றாகி, கடைசியில் செய்துகொள்ள அனுமதி உண்டு என்ற இடத்துக்கு வந்து நின்றது. வங்கிப் பாஷையில் சொன்னால், 'ஷல்' என்பது மாதத் தவணை. கட்டியாக வேண்டும். 'மே' என்பது ஓவர் டிராஃப்ட் லிமிட். எடுக்கலாம், எடுக்காமலும் விடலாம். அது உங்கள் இஷ்டம். இஷ்டம் யாருடையது என்பதில்தான் சங்கதியே இருக்கிறது.

பள்ளிக்கூடத்தில் ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணம் படித்தவர்களுக்கு ஒரு குழப்பம் வரும். 'ஐ ஷல், யூ வில்' என்று மனப்பாடம் செய்திருப்போம். தன்மையில் 'ஷல்' வந்தால் வெறும் எதிர்காலம், முன்னிலையிலும் படர்க்கையிலும் வந்தால் கட்டளை. சட்டங்கள் எப்போதும் படர்க்கையில் பேசுபவை. அரசு இதைச் செய்யும், நீதிமன்றம் அதைச் செய்யும் என்றுதான் எழுதுவார்கள். ஆகவே அங்கே 'ஷல்' வந்தால் அது ஜோசியம் இல்லை, உத்தரவு. தமிழில் நமக்கு இந்தத் தொல்லை குறைவு. 'செய்யலாம்', 'செய்ய வேண்டும்' இரண்டும் காதில் விழும்போதே வேறாக இருக்கின்றன. ஆனாலும் ரொம்பப் பெருமைப்பட வேண்டாம். 'எனக்குக் காபி வேண்டும்' என்பதிலும் 'நீ பணம் கட்ட வேண்டும்' என்பதிலும் ஒரே 'வேண்டும்'தான். ஒன்று ஆசை, மற்றது கட்டாயம்.

இனி என் பழைய கணக்கு. வேலைக்குச் சேர்ந்து மூன்று நான்கு வருஷம் இருக்கும். ஒரு சின்ன ஊர்க் கிளை. கணவர் இறந்துபோன ஒரு அம்மா, அவர் பெயரில் இருந்த சேமிப்புக் கணக்கில் உள்ள தொகையைக் கேட்டு வந்தார். நாமினி இல்லை. பெரிய தொகையும் இல்லை. வாரிசுச் சான்றிதழுக்காகக் கோர்ட்டுக்குப் போனால் அதில் பாதி அங்கேயே போய்விடும். இந்த மாதிரிச் சின்னத் தொகைகளுக்கு, கோர்ட் சான்றிதழ் கேட்காமல், ஜாமீனோடு எழுதி வாங்கிக்கொண்டு கிளை மேலாளரே பணம் கொடுக்க வழி செய்து தலைமை அலுவலகத்திலிருந்து சர்க்குலர் இருந்தது. அதில் இருந்த சொல் 'மே'.

எங்கள் மேலாளர் கெட்டவர் அல்ல, பயந்தவர். ரிட்டயர்மெண்டுக்கு ஒரு வருஷம் இருந்தது. பிற்பாடு வேறு வாரிசு யாராவது வந்து நின்றால் என்ன செய்வது என்று அவருக்கு நடுக்கம். மூன்றாவது முறை வந்தபோது அந்த அம்மா என் கவுண்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "தரலாம்னு போட்டிருக்குன்னா தரலாம்தானே தம்பி?" நான் உள்ளே போய் மேலாளரிடம் சொன்னேன். அவர் தலையைத் தூக்காமலே, "தரலாம்னா, தராமலும் இருக்கலாம்" என்றார். வெளியே வந்து அதை அப்படியே அந்த அம்மாவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "அடுத்த வாரம் வாங்கம்மா" என்றேன். அந்த மேலாளர் மாற்றலாகிப் போய், புதியவர் வந்த பிறகுதான் பணம் கைக்குப் போனது. அவர் ஃபைலைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டு முடிக்கக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. நடுவில் ஏழு மாதம் போயிருந்தது. ஜோனல் அலுவலகத்துக்கு நானாவது ஒரு குறிப்பு அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. அதுவும் ஒரு 'லாம்'தான்.

ரிட்டயரான பிறகு சட்டப் புத்தகங்களைப் புரட்டியபோதுதான் தெரிந்தது, அந்த அம்மா கேட்ட கேள்வி இங்கிலாந்து நீதிமன்றங்களில் முன்னூறு வருஷமாக நடந்துகொண்டிருக்கிறது என்று. 1693இல் பார்லோ என்பவர் பெயரில் ஒரு வழக்கு. ஊர்க் காவலர்கள் கைப்பணத்தைச் செலவு செய்திருந்தால், அதை ஈடுகட்ட ஊர்ப் பொறுப்பாளர்கள் வரி விதித்துக்கொள்ளச் சட்டம் இடம் கொடுத்திருந்தது. பொறுப்பாளர்கள் விதிக்கவில்லை. சட்டம் எங்களுக்கு அதிகாரம்தானே தந்தது, கட்டாயப்படுத்தவில்லையே என்றார்கள். எங்கள் மேலாளர் மாதிரியே. நீதிமன்றம் ஒத்துக்கொள்ளவில்லை. நியாயத்துக்காகவும் பொது நன்மைக்காகவும் ஒரு காரியத்தைச் செய்யும்படி சட்டம் சொன்னால், அங்கே 'மே' என்பதும் 'ஷல்' என்பதும் ஒன்றே என்று தீர்ப்பு.

இதற்கு நேர்மாறாக 1880இல் ஒரு வழக்கு. ஆக்ஸ்போர்டு பிஷப்பின் ஆளுகைக்கு உட்பட்ட ஒரு தேவாலயத்தின் பாதிரியார் முறைதவறிச் சடங்கு நடத்துகிறார் என்று ஜூலியஸ் என்பவர் புகார் கொடுத்தார். விசாரணைக் குழு போட பிஷப் மறுத்துவிட்டார். சட்டத்தில் இருந்த சொற்றொடர் 'இட் ஷல் பி லாஃபுல்', அதாவது அப்படிச் செய்வது சட்டப்படி செல்லும் என்று. வேடிக்கையைப் பாருங்கள், 'ஷல்' என்ற சொல் அங்கேயே இருக்கிறது. ஆனால் பிரபுக்கள் சபை, இது அனுமதி தரும் சொல்தான், கட்டளை இல்லை, பிஷப் தன் விருப்பப்படி மறுக்கலாம் என்று சொல்லிவிட்டது. கூடவே ஒரு விஷயத்தையும் சேர்த்தது. ஒருவருடைய உரிமைக்காகவே ஓர் அதிகாரம் இன்னொருவர் கையில் கொடுக்கப்பட்டிருந்தால், உரியவர் வந்து கேட்கும்போது அதைப் பயன்படுத்த வேண்டிய கடமையும் அதனோடு ஒட்டிக்கொண்டு வரலாம். சொல்லைப் பார்க்காதே, அது யாருக்காக எழுதப்பட்டது என்று பார் என்பதுதான் இதன் சாரம். இதைப் படித்த அன்று அந்த அம்மாவின் முகம்தான் எனக்கு ஞாபகம் வந்தது.

நம் உச்ச நீதிமன்றமும் இந்தச் சொற்களை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்திருக்கிறது. அரசு ஊழியர் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கும்போது பப்ளிக் சர்வீஸ் கமிஷனைக் கலந்துகொள்வது பற்றி அரசியலமைப்பின் 320ஆவது பிரிவு 'ஷல்' போட்டுத்தான் சொல்கிறது. 1957இல் உத்தரப் பிரதேச ஊழியர் ஒருவரின் வழக்கில், அப்படிக் கலந்துகொள்ளாததால் மட்டும் நடவடிக்கை செல்லாமல் போகாது என்று தீர்ப்பாயிற்று. 'ஷல்' இருந்தும் அவரைக் காப்பாற்றவில்லை. சமீபத்திய உதாரணம் செக் பவுன்ஸ் சட்டம். 2018இல் அதில் இரண்டு பிரிவுகளைச் சேர்த்தார்கள். இரண்டிலும் 'மே'தான். வழக்கு நடக்கும்போதே இடைக்கால இழப்பீடாகச் செக் தொகையில் 20 சதவீதம் வரை தரச் சொல்லலாம் என்பது ஒன்று. தண்டனை பெற்றவர் அப்பீல் போகும்போது, விதித்த தொகையில் குறைந்தது 20 சதவீதம் கட்டச் சொல்லலாம் என்பது இன்னொன்று. அப்பீல் பிரிவில் வரும் 'மே'யைப் பொதுவாக 'ஷல்' போலவே கொள்ள வேண்டும் என்று 2019இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. மற்ற பிரிவில் வரும் 'மே' வெறும் 'மே'தான், நீதிபதியின் விருப்பத்துக்கு உட்பட்டது என்று 2024இல் சொன்னது. ஒரே சட்டம், ஒரே திருத்தம், ஒரே சொல். பின் வரிசை நண்பர் இதை ஒரு தடவை வாசிக்க வேண்டும்.

இவ்வளவும் முன்கதை. நான் சொல்ல வந்த பெரிய கதை 1963ஆம் வருஷத்தது. நம் குடியிருப்பில் இந்தி பேசும் குடும்பங்கள் சில இருக்கின்றன. அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் இந்த மலரைத் தமிழிலேயே வாசிக்கிறார்கள் என்பது எனக்குச் சந்தோஷம். ஒரு மொழியை உயர்த்தவோ தாழ்த்தவோ இதை எழுதவில்லை. இரண்டு ஆங்கிலச் சொற்களுக்கு இடையில் இருக்கும் இடைவெளியில் என்னென்ன நடந்தது என்பதை மட்டும் சொல்கிறேன்.

அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தது 1950 ஜனவரி 26. மத்திய அரசின் ஆட்சி மொழி இந்தி, ஆனால் பதினைந்து வருஷத்துக்கு ஆங்கிலமும் தொடரும் என்று 343ஆவது பிரிவு சொன்னது. கே.எம். முன்ஷியும் என். கோபாலசாமி அய்யங்காரும் சேர்ந்து உருவாக்கிய சமரசம் அது. பதினைந்து வருஷம் என்றால் 1965 ஜனவரி 26. அதற்குப் பிறகு என்ன என்பது தென்னாட்டில் பெரிய கவலையாக இருந்தது. வேலைக்குப் பரீட்சை எழுதும் பிள்ளைகளைப் பெற்ற ஒவ்வொரு வீட்டிலும் அந்தக் கவலை இருந்தது. 1959இல் பிரதமர் நேரு மக்களவையில் ஒரு வாக்குறுதி கொடுத்தார். இந்தி பேசாத மக்கள் விரும்பும் வரை ஆங்கிலம் கூடுதல் மொழியாகத் தொடரும், அதை முடிவு செய்வதும் அவர்களே என்றார். வாக்குறுதி தெளிவானது. சாவியை அவர் யார் கையில் கொடுத்தார் என்பதைக் கவனியுங்கள்.

அந்த வாக்குறுதியைச் சட்டமாக்க 1963 ஏப்ரலில் ஆட்சி மொழிகள் மசோதா வந்தது. கொண்டுவந்தவர் உள்துறை அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி. அதன் மூன்றாவது பிரிவு, பதினைந்து வருஷம் முடிந்த பிறகும் இந்தியோடு கூட ஆங்கிலம் தொடர்ந்து பயன்படுத்தப்பட'லாம்' என்றது. சொல், 'மே'.

மாநிலங்களவையில் அப்போது சி.என். அண்ணாதுரை உறுப்பினர். இந்த 'மே'யை நாளைக்கு யாராவது 'மே நாட்' என்று வாசித்தால் என்ன செய்வது என்பதுதான் தி.மு.க.வின் அச்சம். தொடரலாம் என்றால் தொடராமலும் இருக்கலாமே. இந்த இடத்தில் 'மே' என்பதற்கு 'ஷல்' என்றே பொருள் என்று நேரு விளக்கம் சொன்னார். அப்படியானால் 'ஷல்' என்றே எழுதிவிடுங்களேன் என்று கேட்டார்கள். எழுதவில்லை. மசோதா சொல் மாறாமல் நிறைவேறியது.

நேரு சொன்னது பொய் என்று நான் நினைக்கவில்லை. லண்டனில் பாரிஸ்டர் பட்டம் வாங்கியவர். 1693இலிருந்து நீதிமன்றங்கள் 'மே'யை 'ஷல்' என்று வாசித்திருக்கின்றன என்று பார்த்தோமே. ஆனால் அப்படி வாசிப்பது வாசிக்கிறவர் கையில் இருக்கிறது. அடுத்து வரும் மேலாளர் எப்படி வாசிப்பார் என்பதற்கு இன்றைய மேலாளரின் நல்லெண்ணம் ஜாமீன் ஆகாது. எதிர்க்கட்சிக்காரர்கள் கேட்டது நேருவின் மேல் நம்பிக்கை இல்லாமல் அல்ல, நேரு இல்லாத நாளை நினைத்து. 1964 மே 27இல் நேரு காலமானார். பதினைந்து வருஷக் கெடு முடிய எட்டு மாதம் இருந்தது.

1965 ஜனவரியில் எனக்கு ஏழு வயது. கும்பகோணத்தில் இருந்தோம். பள்ளிக்கூடம் நாள் கணக்கில் மூடிக் கிடந்ததில் எங்களுக்கெல்லாம் ஒரே கொண்டாட்டம். அப்பா மட்டும் ரேடியோ பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த என் சித்தப்பா இரண்டு நாள் வீட்டுக்கு வரவில்லை. பாட்டி வாசல் திண்ணையை விட்டு எழுந்திருக்கவே இல்லை. சித்தப்பா கிழிந்த சட்டையோடு வந்து சேர்ந்தார். எல்லா வீட்டுப் பிள்ளைகளும் அப்படி வந்து சேரவில்லை. ஜனவரி 25இல் மதுரையில் தொடங்கிய மோதல் மாநிலம் முழுக்கப் பரவி, துப்பாக்கிச் சூடு, தீ வைப்பு என்று போய், அரசுக் கணக்கிலேயே சுமார் 70 பேர் இறந்தார்கள். மத்திய அமைச்சர்கள் சி. சுப்பிரமணியமும் ஓ.வி. அளகேசனும் பதவி விலகல் கடிதம் கொடுத்தார்கள். பிப்ரவரி 11 இரவு, அப்போது பிரதமராக இருந்த சாஸ்திரி வானொலியில் பேசி, நேருவின் வாக்குறுதி காப்பாற்றப்படும் என்றார். இவ்வளவும் ஒரு சொல்லால் மட்டும் வந்தது என்று சொல்ல மாட்டேன். பல வருஷப் புகைச்சல் அது. ஆனால் 'ஷல்' என்று 1963இலேயே எழுதியிருந்தால், கெடு நாள் நெருங்கும்போது பயப்படுவதற்கு ஒரு காரணம் குறைந்திருக்கும்.

1967 தேர்தலில் இங்கே ஆட்சி மாறியது. அதே வருஷக் கடைசியில் இந்திரா காந்தி அரசு சட்டத்தைத் திருத்தியது. 1968 ஜனவரியில் அது சட்டமானது. மூன்றாவது பிரிவில் ஒரு துணை விதி சேர்ந்தது. இந்தியை ஆட்சி மொழியாக ஏற்காத மாநிலத்தோடு மத்திய அரசு நடத்தும் கடிதப் போக்குவரத்துக்கு ஆங்கிலம் பயன்படுத்தப்பட வேண்டும் என்பது அது. இந்தத் தடவை சொல் 'ஷல்'. கூடவே ஐந்தாவது உட்பிரிவு. இந்தியை ஏற்காத எல்லா மாநிலங்களின் சட்டசபைகளும் ஆங்கிலம் போதும் என்று தீர்மானம் போட்டு, அதன் பிறகு பாராளுமன்றத்தின் இரு அவைகளும் தீர்மானம் போடும் வரை இந்த ஏற்பாடு நீடிக்கும். 1959இல் வாயால் சொன்ன சாவி, ஒன்பது வருஷம் கழித்து எழுத்தில் கைக்கு வந்தது.

1976இல் இந்தச் சட்டத்தின் கீழ் விதிகள் வந்தன. வங்கிக்காரர்களுக்கு அவை நன்றாகத் தெரியும். எங்கள் வங்கியின் பெங்களூர்க் கிளைக்கு மாற்றலாகிப் போன நண்பன், எத்தனை கடிதம் இந்தியில் எழுதினோம் என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு படிவம் நிரப்பி அனுப்புவான். "நீ விதிகளோட முதல் பக்கத்தைப் படிச்சிருக்கியா?" என்று ஒருநாள் போனில் கேட்டான். அப்புறம்தான் தேடிப் படித்தேன். இந்த விதிகள் இந்தியா முழுவதற்கும் பொருந்தும், தமிழ்நாடு மாநிலம் நீங்கலாக என்று இருக்கிறது. அதற்கும் 'ஷல்'தான் போட்டிருக்கிறார்கள்.

சட்டப் புத்தகம் வைத்திருப்பவர்கள் மூன்றாவது பிரிவை எடுத்துப் பாருங்கள். 1968இல் சேர்த்த 'ஷல்' கீழே துணை விதியில் இருக்கிறது. பிரிவின் தலை வாக்கியத்தில், ஆங்கிலம் தொடர்ந்து பயன்படுத்தப்படுவது பற்றிச் சொல்லும் இடத்தில், அண்ணாதுரை மாற்றச் சொன்ன அந்த 'மே' இன்னும் அப்படியே இருக்கிறது.